ரதி வேடத்துக்கு ஏன் ஆள் கிடைப்பதில்லை?

மாசி அமாவாசை கழிந்து பிறை கண்டு காமன் கூத்துக்கு, அதாவது சிவன் மன்மதனை எரித்த கதையை ஆடும் கூத்துக்கு, கம்பம் ஊன்றியதுமே தேயிலைத் தோட்டத்தில் ஒரே பேச்சு, இந்த வருடம் மதன் (மன்மதன்) வேடம் யாருக்கு என்பதுதான். தோட்டத்தின் மேல் பிரிவான மேற்கணக்குப் பையனா, கீழ்ப் பிரிவான கீழ்க்கணக்குப் பையனா? சில வருடம் அது கைகலப்பு வரைக்கும் போகிறது. மதனின் மனைவி ரதி வேடத்துக்கோ ஆள் தேடி அலைய வேண்டியிருக்கிறது. சேலை கட்டினால் வருடம் முழுக்கக் கேலி என்று இளைஞர்கள் பயப்படுகிறார்கள்.

எனக்கு இதில் பெரிய வருத்தம். காமன் கூத்தை நாம் மதனின் வீரக்கதையாக மாற்றிக்கொண்டிருக்கிறோம். கதை சொல்வது வேறு.

தாரகாசுரனை அழிக்க சிவனுக்கு ஒரு பிள்ளை பிறக்க வேண்டும். அது தேவர்களின் தேவை. ஆனால் தவத்தில் இருக்கும் சிவனைக் கலைக்க இந்திரன் தான் போகவில்லை, மதனை ஏவிவிடுகிறான். மதனுக்கும் சிவனுக்கும் எந்தப் பகையும் இல்லை. 'உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்' என்று உசுப்பிவிட்டால் போதும், கரும்பு வில்லோடு கிளம்பிவிடுகிறான். சம்பள நாளில் தவறணை (மதுக்கடை) வாசலில் நடப்பதும் இதுதானே? உசுப்பிவிட்டவர்கள் லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீட்டுக்கு) போய்ப் படுத்துவிடுவார்கள். அடிபட்டவன் ஆஸ்பத்திரியில் கிடப்பான். மறுநாள் அவன் மனைவி பெரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு) வரமாட்டாள்.

போகாதே என்று தடுப்பவள் ரதி ஒருத்திதான். பாட்டுக்குப் பாட்டு நடக்கும் அந்தத் தர்க்கத்தில் மதனின் பதில்களை உற்றுக் கேளுங்கள். எனக்கு அதில் வீரத்தைவிடப் பயம்தான் கேட்கிறது. பெண்டாட்டி பேச்சைக் கேட்டு நின்றுவிட்டால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற பயம்.

அப்புறம் நெற்றிக்கண். மதன் எரிந்த பிறகு ரதியின் ஒப்பாரி. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்துக் காய்த்துப்போன கையில் கண்ணாடி வளையல், பவுடருக்கு அடியில் மீசை மழித்த பச்சை. அந்த ஆண் மார்பில் அடித்துக்கொண்டு அழும்போது, சொந்த வீட்டுச் சாவில்கூட அழாத மனிதர்கள் துண்டால் முகம் துடைப்பதைப் பார்த்திருக்கிறேன். நம் ஆண்களுக்கு வாய்விட்டு அழ இருக்கும் ஒரே இடம் அது என்றே நினைக்கிறேன்.

விழா மேடைக்காகக் கூத்தைச் சுருக்கும்போது முதலில் வெட்டுப்படுவது இந்தத் தர்க்கமும் ஒப்பாரியும்தான். வில்லும் தீயும் மிஞ்சுகின்றன, விசில் பறக்கிறது.

நேரம் போதாதென்றால் விருந்தினர் பேச்சைக் குறையுங்கள், அம்பு விடும் ஆட்டத்தைக் குறையுங்கள், ரதியை முழுதாகப் பாட விடுங்கள். அந்த வேடத்துக்காக ஒரு பையன் விரதம் இருக்க முன்வந்தால், அவனைக் கேலி செய்கிறவர்களைத் தோட்டத்துப் பெரியவர்கள் அங்கேயே கூப்பிட்டுக் கண்டிக்க வேண்டும்.