பாறை இருந்தால் போதுமா?
சேலம் கெட்டிப் பாறை மேல் இருக்கிறது, நிலநடுக்கப் பயம் வேண்டாம் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். பாதிதான் சரி. பாறையில் மண் குழம்பாகி வீடு அமிழாது. ஏரியைத் தூர்த்த மனைக்கு அந்தத் தெம்பு கிடையாது. இந்தியாவின் 2002 நிலநடுக்க வரைபடத்திலேயே நாம் மூன்றாம் மண்டலம், அதாவது மிதமான ஆபத்துள்ள பகுதி.

அப்புறம் ஏற்காடு. சரிவில் கட்டினால் மேட்டுப்பக்கத் தூண் குட்டையாகவும் பள்ளத்துப்பக்கத் தூண் நெட்டையாகவும் அமையும். குலுங்கும்போது அதிக விசையை வாங்கி முதலில் வெடிப்பது குட்டைத் தூண்தான். (எல்லோரும் பயப்படுவது என்னவோ நெட்டையைப் பார்த்து!)

அஸ்தம்பட்டியில் என் வீட்டுத் தூண்களில் நெட்டுக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்கின் முனைக் கொக்கியை 90 டிகிரியில் மடக்கி வைத்திருந்தார்கள். 135 டிகிரியில் உள்பக்கம் மடக்கினால்தான் மேல்பூச்சுக் கான்கிரீட் உதிர்ந்தாலும் ரிங் பிரியாது. கம்பி கட்டுபவர் முணுமுணுத்தார். சரி என்று விடாமல் அத்தனையையும் மாற்ற வைத்தேன்.