வசனம் என்றால் உரைநடைதானே?

பைபிள், குர்ஆன் போன்ற வேத நூல்களின் வசனமும் கவிதை அடியும் ஒன்றே என்கிறார் நான் படித்த ஒரு கட்டுரையின் ஆசிரியர். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'வெர்ஸ்' என்ற ஒரே சொல் இருப்பதால் வந்த மயக்கம் இது. தமிழில் வசனம் என்றால் உரைநடை. செய்யுளுக்கு நேர் எதிர். சினிமாவில் பாடலை ஒருவரும் வசனத்தை இன்னொருவரும் எழுதுவதில்லையா!

பைபிளின் புதிய ஏற்பாட்டில் இன்றுள்ள வசன எண்கள் 1551இல் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சகத்தார் இட்டவை. அவை இடம் தேட உதவும் எண்கள், யாப்பு அல்ல. 'இயேசு கண்ணீர் விட்டார்' ஒரு முழு வசனம். அதில் எதுகை தேட முடியுமா?

ஆனால் பைபிளில் சங்கீதங்கள் எனப்படும் துதிப்பாடல்கள் கவிதையேதான். 119ஆம் சங்கீதத்தின் 176 வசனங்களும் எபிரெய எழுத்துகள் இருபத்திரண்டின் வரிசையில், எழுத்துக்கு எட்டாகத் தொடங்குகின்றன. ஓய்வுநாள் பள்ளியில் அதை மனப்பாடம் செய்யத் திணறிய எனக்கு இதை அன்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் தமிழில் அந்த வரிசை காணாமல் போயிருக்கிறது, பயனில்லை.

குர்ஆனின் 'ஆயத்'தையும் வசனம் என்றே மொழிபெயர்க்கிறோம். அரபியில் அதன் பொருள் அடையாளம், அத்தாட்சி. ஓசை நயம் ததும்பும் அந்த நூலே, நபிக்குக் கவிதையை நாம் கற்றுத்தரவில்லை என்கிறது (36:69). கட்டுரையாளர் இதை எப்படித் தாண்டிச் சென்றார்?