பெயரைச் சொல்லாவிட்டால் போதுமா?

கும்பகோணத்துத் திருமண மண்டபத்தில் அந்த மனநல மருத்துவர், தன்னிடம் சிகிச்சைக்கு வந்த ஒரு பெண்ணைப் பற்றி, பெயரை மட்டும் சொல்லாமல், ஒலிபெருக்கியில் பேசியதை இந்த வாரம் முழுவதும் எல்லோரும் அலசிவிட்டீர்கள். அவர் சொன்ன விவரங்களை நான் மறுபடி எழுதினால் அவர் செய்ததையே நானும் செய்தவனாவேன். "பெயரைச் சொல்லவில்லையே, விழிப்புணர்வுக்காகத்தானே பேசினார்" என்று அவருக்காகப் பரிந்து பேசுகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

நம் பக்கத்தில் ஒருவரை அடையாளம் காட்டப் பெயர் எதற்கு? உதாரணத்துக்குச் சொல்கிறேன்: கணவர் சிங்கப்பூரில், மாமனார் ரைஸ்மில் வைத்திருந்தவர், வீடு வாய்க்கால் பாலத்தைத் தாண்டி. இவ்வளவு போதும். வலங்கைமானிலிருந்து மன்னார்குடி போகும் பேருந்தில் உட்கார்ந்திருப்பவர்கூட அது யார் வீட்டு மருமகள் என்று சொல்லிவிடுவார். பெயரை மட்டும் மறைத்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் சொல்வது ரகசியத்தைக் காப்பதாகாது.

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017இன் 23ஆவது பிரிவு, சிகிச்சையின்போது அறிந்ததை ரகசியமாக வைத்திருப்பது மருத்துவரின் கடமை என்கிறது. விதிவிலக்குகளும் அதிலேயே இருக்கின்றன: சிகிச்சைக்காகப் பிற மருத்துவருக்கு, உயிருக்கு ஆபத்து என்னும்போது, பிறருக்குத் தீங்கு நேரும் என்னும்போது, நீதிமன்ற உத்தரவின்பேரில். பிறரைக் காப்பாற்றுவதற்காக வெளியே சொல்ல நேர்ந்தாலும் அதற்குத் தேவையானதை மட்டுமே சொல்லலாம். கல்யாண மண்டபத்து மேடை இவற்றில் எதில் சேரும்?

"குடும்பத்தாருக்குத் தெரிய வேண்டாமா?" என்று கேட்பீர்கள். நோயாளி தானே தேர்ந்தெடுக்கும் நியமனப் பிரதிநிதிக்குத் தெரியலாம். போன் செய்து விசாரிக்கிற உறவினர் எல்லோருக்கும் அல்ல. என் தங்கை பிரசவத்துக்குப் பிறகு தூக்கமில்லாமல் தவித்தபோது ஒரு மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். "குழந்தையைத் தூக்கவே பயமாக இருக்கிறது" என்று, கதவைச் சாத்திய அறையில், அவள் அவரிடம் சொல்லியிருக்கிறாள். சில நாள் கழித்து ஒரு விசேஷப் பந்தியில் அவள் மாமியார் ரசம் ஊற்றிக்கொண்டே அதே வாக்கியத்தைச் சொல் மாறாமல் சொன்னார். என் தங்கை இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டாள். போனில் கேட்ட மாமனாரிடம் அந்த மருத்துவரே சொல்லியிருக்கிறார். நான் புகார் எழுதிக்கொண்டு போனபோது அந்த மருத்துவமனைப் பொறுப்பாளர், "வீட்டு மனிதர்களிடம்தானே சொன்னார்?" என்று என்னையே கேட்டார். இன்றைக்கும் அவள் எந்த மருத்துவரிடமும் வாய் திறப்பதில்லை. காய்ச்சல் என்று போனால்கூட, "நீயே சொல்லுண்ணா" என்கிறாள். விழிப்புணர்வு என்று பேசுகிறவர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்?

"புகார் கொடுத்தால் விஷயம் இன்னும் பரவும்" என்பதுதான் எல்லோரும் சொல்லும் அறிவுரை. அந்தப் பயம் நியாயமானது, மறுக்க மாட்டேன். ஆனால் ஏற்கெனவே பரப்பியது யார்? கெடுத்தவர் அடுத்த மேடைக்குப் போய்க்கொண்டிருக்க, பாதிக்கப்பட்ட பெண் வாசல் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கிடக்க வேண்டுமா?

ஆகவே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். எந்த நாள், எந்த இடம், என்ன சொன்னார், யார் கேட்டார்கள் என்பதை நினைவிருக்கும்போதே எழுதி வையுங்கள். சிகிச்சை ஆவணங்களைக் கேட்டு வாங்குங்கள். அதுவும் உங்கள் உரிமை. முதலில் மருத்துவமனைப் பொறுப்பாளரிடம் எழுத்தில் புகார் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். அவர் தட்டிக்கழித்தால், இதே சட்டத்தின்கீழ் இப்படிப்பட்ட புகார்களை விசாரிக்கும் மனநல மறுஆய்வு வாரியம் இருக்கிறது. மனநல மருத்துவர் என்றால் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலுக்கும், மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலுக்கும் எழுதலாம். எந்தப் பதிவும் இல்லாமல் பலகை மாட்டிக் கட்டணம் வாங்கும் ஆலோசகர் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். மனநலப் பராமரிப்புச் சட்டத்தை மீறியது நிரூபணமானால் முதல் முறைக்கே 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது அதன் 108ஆவது பிரிவு. வக்கீலுக்குப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், சட்ட உதவி இலவசம்.

"ஊரில் இருப்பதே ஒருவர், அவரையும் பகைத்துக்கொண்டால் எங்கே போவது?" என்கிறார் ஒரு நண்பர். அவரிடம் போய்த்தானே இந்த நிலை வந்தது?

அந்தப் பெண் யார் என்று தயவுசெய்து யாரும் என்னிடம் கேட்க வேண்டாம், உங்களுக்குள்ளும் பேச வேண்டாம். அவர் வீட்டார் யாரேனும் இதைப் படித்தால், அவருக்குச் சம்மதமா என்று முதலில் அவரிடமே கேளுங்கள். சம்மதம் என்றால் மனு எழுதித் தரவும், தஞ்சாவூருக்குக் கூட வரவும் நான் தயார்.