என் குரலோடு திரும்பி வந்த வீடியோ

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டில் அம்மா மாலை நேரத்தை இப்படிப் பிரித்து வைத்திருக்கிறாள். ஏழு மணிக்கு மாடிவீட்டு கன்னட ஆன்ட்டி இறங்கி வருவார். இருவரும் சேர்ந்து கன்னட சீரியல் பார்ப்பார்கள், அந்த மாமியாரை ஆளுக்கொரு மொழியில் திட்டுவார்கள். எட்டு மணிக்கு ஆன்ட்டி "பர்தீனி" என்று எழுந்ததும் அம்மா தமிழ்ச் செய்திக்கு மாறிவிடுவாள். மாடியில் கன்னடச் செய்தி ஆரம்பிக்கும். மாடிப்படியில் நின்றால் இரண்டும் காதில் விழும்.

பெரும்பாலான நாட்களில் இதில் ஒன்றும் இல்லை. மழை பொய்த்த வருடம், ஆகஸ்ட் செப்டம்பர் வந்தால் மட்டும் அந்த மாடிப்படி எனக்குப் பெரிய பள்ளிக்கூடம்.

2016 செப்டம்பரைச் சொல்கிறேன். 5ஆம் தேதி உச்ச நீதிமன்றம், பத்து நாளைக்கு விநாடிக்கு 15,000 கன அடி காவிரித் தண்ணீர் தமிழ்நாட்டுக்கு விடச் சொன்னது. 12ஆம் தேதி திங்கட்கிழமை அதை மாற்றி, 20ஆம் தேதி வரை 12,000 கன அடி விட்டால் போதும் என்றது. ஒரே உத்தரவுதான். தமிழில் கேட்டால் "தண்ணீர் குறைப்பு". கன்னடத்தில் கேட்டால் "இன்னும் ஐந்து நாள் கூடுதலாக விட வேண்டும்". இரண்டுமே உண்மை, அதுதான் வேடிக்கை. ஒரு வரிகூடப் பொய் சொல்லாமல் இரண்டு பக்கத்து ஜனங்களையும் "நாம் தோற்றுவிட்டோம்" என்று நம்ப வைக்க முடியும் என்பதை அன்றைக்குத்தான் கண்டுகொண்டேன். ஊடகம் பொய் சொல்கிறது என்று நாம் கத்திக்கொண்டிருக்கிறோம். பொய் என்றால் என்றைக்காவது பிடிபடும். பாதி உண்மையை எப்படிப் பிடிப்பது?

அப்போது எனக்கு மைசூர் ரோட்டில் வேலை. மதியத்துக்கு மேல் நாயண்டஹள்ளிப் பக்கம் கரும்புகை எழும்பியது. தமிழ்நாட்டு ஆம்னி பஸ்கள் நிறுத்தியிருந்த இடத்தில் தீ வைத்துவிட்டார்கள். நாற்பது பஸ்ஸுக்கு மேல் எரிந்தது. ஆபீஸ் மொட்டைமாடியில் நின்று நான் செல்போனில் எடுத்தேன். நாற்பது நொடி இருக்கும். புகையும் பின்னால் என் குரலும், "அய்யோ, எத்தனை பஸ்ஸுடா". அதைக் குடும்ப குரூப்பில் போட்டுவிட்டேன். ஏன் போட்டேன்? பத்திரமாக இருக்கிறேன் என்று சொல்ல அல்ல, அதற்கு ஒரு வரி போதும். நான் அங்கே இருந்தேன் என்று காட்டுவதற்குத்தான். டிவிக்காரனுக்கும் எனக்கும் அந்த நிமிடத்தில் என்ன வித்தியாசம் என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

பெங்களூருவில் பதினாறு போலீஸ் ஸ்டேஷன் எல்லைகளில் ஊரடங்கு போட்டார்கள். வீடு திரும்ப வழியில்லை. உடன் வேலை பார்த்த கன்னட நண்பன் ராஜராஜேஸ்வரி நகரில் அவன் வீட்டுக்குக் கூட்டிப்போனான். அவனுடைய அப்பா டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். ராமேஸ்வரத்தில் கர்நாடக வண்டி டிரைவரை அடிக்கும் காட்சி. முடிந்ததும் திரும்ப அதே காட்சி. என்னைப் பார்த்ததும் சத்தத்தைக் குறைத்தார், ஆனால் அணைக்கவில்லை. சாப்பிட்டு முடிப்பதற்குள் அந்த டிரைவர் பத்துப் பதினைந்து முறையாவது அடி வாங்கியிருப்பார்.

ராத்திரி அம்மாவிடம் போனில் பேசினால், அவளுக்கு அந்த டிரைவரைத் தெரியவே தெரியாது. அவள் பார்த்தது, ஃபேஸ்புக்கில் கன்னட நடிகர்களைக் கிண்டல் செய்தான் என்று பெங்களூருவில் ஒரு தமிழ் மாணவனை அடித்த வீடியோ. "பையனை மண்டி போட வெச்சு மன்னிப்புக் கேக்க வெக்கிறாங்கடா" என்று அழுதாள். நண்பனின் அப்பாவிடம் அந்த மாணவனைப் பற்றிக் கேட்டேன். "யாரப்பா அது?" என்றார். சத்தியமாக அவருக்குத் தெரியாது. அடிபட்டவர்கள் இரண்டு பேர். ஆளுக்கொருவர்தான் தெரிந்தது.

இதைச் சேனல்காரர்களின் கெட்ட எண்ணம் என்று சுலபமாக முடித்துவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கணக்கு வேறு இடத்தில் இருக்கிறது. நாட்டில் டிவி இருக்கும் வீடுகள் 21 கோடி என்றார்கள் 2020 வாக்கில். அதில், யார் எந்தச் சேனலைப் பார்க்கிறார்கள் என்று அளக்கும் பார்க் (BARC) அமைப்பு ரேட்டிங்குக்காக மீட்டர் வைத்திருந்தது சுமார் 44,000 வீடுகளில். அந்த மீட்டர் என் நண்பனின் அப்பா மாதிரி ஒருவர் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருப்பதைத்தான் எண்ணும். ஏன் உட்கார்ந்திருந்தார், பார்த்துவிட்டு என்ன ஆனார் என்பதை எண்ணாது. ரேட்டிங்கில் தில்லுமுல்லு என்று 2020 அக்டோபரில் செய்திச் சேனல்களின் ரேட்டிங்கை நிறுத்தினார்கள், 2022 மார்ச்சில் திரும்ப வந்தது. நடுவில் ஒன்றரை வருடம் மார்க் போடவே ஆள் இல்லை. அப்போதாவது கத்தல் குறைந்ததா? எங்கள் மாடிப்படியில் குறையவில்லை. பழக்கமாகிவிட்டது போல, அவர்களுக்கும் நமக்கும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1995 கேபிள் டிவி சட்டத்தின் கீழ் உள்ள நிகழ்ச்சி விதிகள், வன்முறையைத் தூண்டக்கூடிய எதையும் காட்டக் கூடாது என்கின்றன. ஆனால் நடந்த ஒன்றை ஐம்பது முறை காட்டுவது தூண்டுவதா, செய்தியா? அதற்கு விதியில் பதில் கிடையாது.

இங்கே அப்பா இருந்தால் குறுக்கிடுவார். 1991 டிசம்பர் கலவரத்தின்போது அவர் இதே பெங்களூருவில் ஸ்ரீராமபுரத்தில் இருந்தார். காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு அரசிதழில் வந்த கையோடு தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அன்றைக்குத் தமிழிலும் கன்னடத்திலும் தனியார் டிவி கிடையாது, செல்போனும் கிடையாது. "வாய்ப்பேச்சுலயே எரிஞ்சுதுடா" என்பார். சரிதான், ஒப்புக்கொள்கிறேன். 2012இல் வடகிழக்குக்காரர்கள் இங்கிருந்து ரயில் ரயிலாக ஊரைப் பார்த்துக் கிளம்பியபோதும் பயத்தைக் கிளப்பியது எஸ்எம்எஸ்தான், டிவி இல்லை. மொத்தமாக அனுப்ப ஐந்துக்கு மேல் கூடாது என்று அரசாங்கம் கட்டுப்பாடு போட வேண்டிவந்தது. வதந்திக்கு ஆன்டெனா தேவையில்லை. ஆனால் வாய்ப்பேச்சு பக்கத்துத் தெருவுக்குப் போவதற்குள் கொஞ்சம் களைத்துப்போகும். யாராவது ஒரு பெரியவர் "நீ நேர்ல பாத்தியா?" என்று கேட்பார். திரையில் ஓடுவதைப் பார்த்து யாரும் அப்படிக் கேட்பதில்லை. நேரில் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்!

இன்னொன்று. இந்தச் சண்டையில் பெங்களூருவில் இருப்பவர்கள் நிலைமை கொஞ்சம் சிரிப்பாக இருக்கும். 2018 பிப்ரவரித் தீர்ப்பில் தமிழ்நாட்டின் பங்கை 192 டிஎம்சியிலிருந்து 177.25 ஆகக் குறைத்தார்கள். கர்நாடகத்துக்குக் கூடுதலாகக் கிடைத்ததில் 4.75 டிஎம்சி பெங்களூருவின் குடிநீருக்கு. அன்று ராத்திரி தமிழ்ச் சேனலில் யாரோ "பறித்துவிட்டார்கள்" என்று கத்திக்கொண்டிருந்தபோது அம்மா சம்ப்பில் காவேரித் தண்ணி ஏறுகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தியவருக்கு எங்களைத் தெரியாது. எந்த மொழிச் சேனலுக்கும் எங்களைத் தெரியாது.

2023 செப்டம்பரில் திரும்பவும் அதே பிரச்சினை. 26ஆம் தேதி பெங்களூரு பந்த். காலையில் கடைகள் மூடியிருந்தன, வேறொன்றும் இல்லை, தெருவில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடினார்கள். பத்து மணி வாக்கில் சேலத்திலிருந்து அத்தை போன். "கண்ணு, நீங்க எல்லாம் நல்லா இருக்கீங்களா? பஸ்ஸெல்லாம் எரியுதாமே?" எங்கே என்றேன். "குரூப்புல வந்திருக்கு பாரு."

பார்த்தேன். இரட்டை அம்புக்குறி, பலமுறை பகிரப்பட்டது. மேலே "பெங்களூரு, இன்று காலை" என்று எழுதியிருந்தது. கரும்புகை. நாற்பது நொடி. கடைசியில் ஒரு குரல்: "அய்யோ, எத்தனை பஸ்ஸுடா".

அத்தைக்கு அது என் குரல் என்று தெரியவில்லை. நான்தான் எடுத்தேன், ஏழு வருடம் முன்னால் எடுத்தது என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார், "அப்ப இன்னிக்கு எரியறதை யாரும் எடுக்கலையா?"