அலோபியூரினால் ஆரம்பித்ததும் வலி வந்தால் நிறுத்த வேண்டுமா?

கவுட்டுக்கு, அதாவது யூரிக் ஆசிட் மூட்டில் படிந்து வரும் வீக்க வலிக்கு, யூரிக் ஆசிட்டைக் குறைக்கத் தரும் அலோபியூரினால் மாத்திரையைப் போட ஆரம்பித்த சில வாரத்தில் கால் பெருவிரல் மறுபடி வீங்கினால் மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, உடனே நிறுத்திவிட வேண்டும் என்று மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார், மன்னார்குடி, கும்பகோணம் பக்கத்து ஆட்கள் சிலர் அதைப் பகிர்ந்தும் இருக்கிறார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறீர்கள் அண்ணே, ஆனால் விஷயம் அப்படியில்லை.

ரத்தத்தில் யூரிக் ஆசிட் குறையும்போது, மூட்டில் பல வருஷமாகப் படிந்துகிடக்கும் படிகங்கள் கரைந்து உதிரத் தொடங்கும், அதனால்தான் முதல் சில மாதங்களில் கவுட் வலி திரும்ப வரலாம். டாக்டர்கள் இதை எதிர்பார்த்தே பொதுவாக 100 மில்லிகிராம் அல்லது அதற்கும் குறைவாக ஆரம்பித்து மெதுவாகக் கூட்டுகிறார்கள், கூடவே அந்த வலி வராமல் தடுக்க 3 முதல் 6 மாதம் வரை கொல்சிசின் போன்ற ஒரு மாத்திரையும் தருவார்கள். வலிக்குத் தனியாக மருந்து கேட்டு வாங்குங்கள், அலோபியூரினாலை நீங்களாக விடாதீர்கள். நடவு நேரத்தில் வயலில் கால் வைக்க முடியாதவருக்கு நிறுத்தத்தான் தோன்றும், புரிகிறது. நிறுத்தினால் யூரிக் ஆசிட் மறுபடி ஏறிவிடும்.

ஒன்று மட்டும் வேறு: தோலில் தடிப்பு, காய்ச்சல், வாய்ப்புண் வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே டாக்டரிடம் போங்கள்.

சரிபார்க்க, அலோபியூரினால் மருந்துக் குறிப்பைத் தேடிப் படியுங்கள், ஆரம்பத்தில் கவுட் வலி கூடலாம் என்று அதிலேயே இருக்கும். அப்புறம் ரத்தப் பரிசோதனை: யூரிக் ஆசிட் 6 mg/dL-க்குக் கீழே இறங்கிக்கொண்டிருந்தால் மருந்து வேலை செய்கிறது.