முடிந்த கதைக்குள் திரும்பிச் செல்பவர்கள்

சொந்தமாகக் கதை எழுதத் தெரியாதவர்கள்தான் பிறர் படைத்த பாத்திரங்களை எடுத்து எழுதுகிறார்கள் என்ற பேச்சு, ஃபேன் ஃபிக்‌ஷன் எனப்படும் ரசிகர் புனைவைப் பற்றிப் பேசத் தொடங்கினாலே வந்துவிடுகிறது. பல ஆண்டுகளாக அதை வாசித்தும் அவ்வப்போது எழுதியும் வருபவள் என்ற முறையில், இந்த எழுத்தின் உயிர்நிலை எது என்பதை அறியாமல் சொல்லப்படும் கருத்தாகவே இதை நான் பார்க்கிறேன்.

புதிய கதையை எழுதுபவர் தம் பாத்திரம் யார், அவருக்காக நாம் ஏன் வருந்த வேண்டும் என்பதை முதலில் நிறுவியாக வேண்டும். ரசிகர் புனைவிலோ வாசகர் அந்த மனிதர்களை ஏற்கெனவே நேசித்துக்கொண்டுதான் உள்ளே வருகிறார். அதனால்தான் மூலக்கதை இரண்டு வரிகளில் கடந்துபோன ஓர் இரவை இருபதாயிரம் சொற்களில் எழுத முடிகிறது. போர் முடிந்த மறுநாள் காலையில் பிழைத்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் எப்படி எதிர்கொண்டார்கள் என்பது மட்டுமே ஒரு முழுக் கதையாகிறது. ஒரே காட்சியை ஐம்பது பேர் எழுதினாலும் வாசகருக்குச் சலிப்பதில்லை, ஏனெனில் அவர் தேடுவது புதிய நிகழ்வை அல்ல, தாம் கவனிக்காமல் விட்ட ஒன்றை. பக்குவப்படாத எழுத்தும் அங்கே ஏராளம்தான். எழுதிப் பழகும் இடத்தில் அது இருக்கவே செய்யும்.

கதையின் முகப்பிலேயே இட்டிருக்கும் டேக்குகளை, அதாவது உள்ளடக்கத்தைச் சொல்லும் குறிச்சொற்களை, பார்த்து வெளியார் வியப்பதுண்டு. யார் யாரைக் காதலிப்பார், யாராவது இறப்பார்களா, முடிவு மகிழ்ச்சியானதா என்பதையெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் என்ன சுவை மிஞ்சும் என்று கேட்கிறார்கள். என் தந்தை இறந்த ஆண்டில் என்னால் எந்தப் புதிய நாவலையும் திறக்க முடியவில்லை, எந்தப் பக்கத்தில் எவர் சாவார் என்ற அச்சம் என்னை விடவில்லை. அப்போது நான் வாசித்தவை ‘ஃபிக்ஸ்-இட்’ என்று குறிக்கப்பட்ட கதைகள் மட்டுமே, அதாவது மூலத்தில் இறந்தவரை வாழவைக்கும் கதைகள். அவர் பிழைப்பார் என்று தெரிந்தே வாசித்தேன். எப்படிப் பிழைப்பார் என்பதற்காக விடியும்வரை விழித்திருந்தேன்.

இவை எல்லாம் ஊதியமின்றி எழுதப்படுபவை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 1967இல் ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடரின் ரசிகர்கள் ‘ஸ்பாக்கனாலியா’ என்ற இதழைத் தாங்களே படியெடுத்துப் பகிர்ந்துகொண்ட காலத்திலிருந்து தொடரும் வழக்கம் இது. ரசிகர்களின் எழுத்தை வைத்துப் பிறர் லாபம் பார்க்க முனைந்த 2007ஆம் ஆண்டில், எழுதுபவர்களே சேர்ந்து ஓர் இலாப நோக்கற்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அதன் தளமான ‘ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்’ 2009இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. விளம்பரம் கிடையாது, நன்கொடையும் தன்னார்வலர்களின் உழைப்பும்தான் அதை நடத்துகின்றன. 2019இல் அத்தளத்துக்கு அறிவியல் புனைவு, மிகுபுனைவு உலகின் பெருமைக்குரிய ஹியூகோ விருது கிடைத்தபோது, அதைப் பெற்றுக்கொண்ட நாவலாசிரியர் நவோமி நோவிக், அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர்கள் அரங்கில் எழுந்து நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். பல பெயர்கள் புனைபெயர்களாகவே இருக்கும் ஓர் உலகத்துக்கு அதைவிடப் பொருத்தமான ஏற்புரை இருக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது.

பணம் இல்லாத இடத்தில் எழுத்தாளருக்குக் கிடைப்பது வாசகரின் மறுமொழி. மேலே சொன்ன அந்த ஆண்டில், ஆறு ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த கதையொன்றின் கீழ் ஒரு வரியை மேற்கோள் காட்டி நன்றி எழுதினேன். எழுதியவர் மறுநாளே பதில் அளித்தார். பீட்டா ரீடர், அதாவது வெளியிடும் முன் பிரதியைத் திருத்தித் தரும் தோழி, நீக்கச் சொன்ன வரியாம் அது. வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று ஒரு வாரம் தவித்தாராம். அந்த வரி ஏன் அங்கே இருந்தாக வேண்டும் என்பதை விளக்கி நான் எழுதிய பதில், அவருடைய அத்தியாயத்தைவிட நீண்டுவிட்டது.