கேட்டீங்களான்னு கேட்டா, கேட்டோம்னுதான் வரும்

ஐப்பசி பிறந்து பாம்பனில் புயல் கூண்டு ஏறினால் போதும், பின்னாலேயே ஊடகவியல் மாணவர்களின் கேள்வித்தாளும் வந்துவிடும். "வானொலியில் எச்சரிக்கை கேட்டீர்களா? அதனால் கடலுக்குப் போகாமல் இருந்தீர்களா?" இருநூறு பேரிடம் டிக் வாங்கி, கை-ஸ்கொயர் என்ற புள்ளியியல் சோதனை ஒன்றைப் போட்டு, 'ஊடகத்தின் தாக்கம் உறுதியானது' என்று கட்டி முடித்துவிடுவார்கள். அங்கே அளந்தது தாக்கமே இல்லை என்பது என் கட்சி.

முதல் சிக்கல் டோக்கன். மீன்துறை டோக்கன் கொடுத்தால்தான் விசைப்படகு கிளம்பும். எச்சரிக்கை நாளில் டோக்கன் கிடையாது. அன்றைக்குப் படகு கரையில் கிடப்பது வானொலி கேட்டதாலா, டோக்கன் கிடைக்காததாலா? கேள்வித்தாளில் இரண்டுக்கும் ஒரே 'ஆம்'தான். வானொலியின் வேலையைப் பார்க்க வேண்டுமானால் நாட்டுப்படகுக்காரரிடம் போங்கள். அவருக்கும் போகாதே என்ற அறிவிப்பு உண்டு. ஆனாலும் காற்றைப் பார்த்து, மேகத்தைப் பார்த்து அவரே முடிவெடுக்க அங்கே இடம் அதிகம்.

அடுத்தது நினைவு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், 61 நாள். விசைப்படகு ஆட்கள் கரையில் சுலபமாகக் கிடைப்பார்கள் என்று சிலர் மே மாதம் வந்து, போன கார்த்திகையைப் பற்றி விசாரிக்கிறார்கள். ஆறு மாதத்துக்கு முன் எந்த அறிவிப்பைக் கேட்டோம் என்று யாருக்கு நினைவிருக்கும்? வந்த பிள்ளை முகம் வாடக் கூடாதே என்று "கேட்டோம்" என்பார்கள். இதைப் பிடிக்க எளிய வழி இருக்கிறது. கேள்விப் பட்டியலில் ஒலிபரப்பாகாத ஒரு அறிவிப்பையும் சொருகுங்கள். ஒரு பேச்சுக்கு, 100 பேரில் உண்மை அறிவிப்பைக் கேட்டதாக 60 பேரும், பொய் அறிவிப்பைக் கேட்டதாக 25 பேரும் சொல்கிறார்கள் என்று வையுங்கள். 60-இல் 25 போக 35 என்று நிறுத்திவிடாதீர்கள். கேட்காதவர்களில்தான் நாலில் ஒருவர் சும்மா தலையாட்டுகிறார். ஆகவே 35-ஐ 0.75-ஆல் வகுக்க வேண்டும். உண்மையில் கேட்டவர் சுமார் 47.

இன்னொன்று, எண்ணிக்கையில் ஏமாறுவது. 60 படகு, படகுக்கு 5 பேர், ஆக 300 பேர் என்று மாதிரி அளவைப் பெரிதாகப் போட்டுக்கொள்வார்கள். போவதா வேண்டாமா என்பது படகு முதலாளியான சம்மாட்டியும் படகு ஓட்டுபவரும் எடுக்கிற ஒரே முடிவு. அந்தக் கேள்விக்கு உங்கள் மாதிரி 60தான், 300 இல்லை. 'கேட்டீர்களா' என்ற கேள்வியில்கூட ஒரே படகு ஆட்களின் பதில் ஒன்றுபோலத்தான் இருக்கும். அந்த ஒற்றுமை (0 என்றால் துளியும் இல்லை, 1 என்றால் எல்லாரும் ஒரே பதில்) 0.6 என்றால் 1 + (5−1) × 0.6 = 3.4. 300-ஐ அதால் வகுத்தால் 88. மேசையில் 300 தாள் இருந்தாலும் பலம் 88 தாளுக்குத்தான்.

சம்மாட்டி கேட்டுச் சொல்லி, ஆட்கள் வானொலிப் பக்கமே போகாமல் கரையில் நின்றால் அதுவும் ஊடகத்தின் வேலைதான். ஊடக ஆய்வாளர்கள் லாசர்ஸ்பெல்டும் காட்சும் சொன்ன இருபடி ஓட்டம் அதுதான். கேள்வித்தாளோ அதைத் 'தாக்கம் இல்லை' என்ற கட்டத்தில் தள்ளிவிடும். ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தில் இந்தக் கோட்பாட்டைப் பக்கம் பக்கமாக எழுதியவரே நான்காம் அத்தியாயத்தில் அதை மறந்துவிடுவதுதான் வேடிக்கை.

ஒப்பீடு இல்லாமல் தாக்கம் என்று பேசவே கூடாது. சமுதாய வானொலிக்குப் பொதுவாக 100 வாட்தான் அனுமதி; பத்து கிலோமீட்டர் தாண்டினால் இரைச்சல். பாம்பனில் 2016-இல் தொடங்கிய கடல் ஓசை வானொலி எட்டும் ஊர், எட்டாத ஊர் என்று பிரிவு தானாகவே கிடைக்கிறது. இரண்டு இடத்திலும் வாய்மொழியை விட்டுவிட்டு, கரையில் நிற்கும் படகை எண்ணுங்கள். எட்டும் ஊரில் சாதாரண நாளில் 40 படகு போய், எச்சரிக்கை நாளில் 10 போனால் குறைவு 30. எட்டாத ஊரில் 40 போய் 16 ஆனால் குறைவு 24. வானொலியின் கணக்கில் வருவது 6 படகு, 30 இல்லை. அதுவும் இரண்டு ஊரும் மற்றபடி ஒன்றுபோல இருந்தால்தான். இங்கே பலரும் சறுக்குவது கடலில். வாடை அடிக்கும்போது வடகடல் (பாக் விரிகுடா) கொந்தளிக்கும், தென்கடல் (மன்னார் வளைகுடா) அவ்வளவு இல்லை. தென்கடல் ஊரை வடகடல் ஊரான தொண்டியோடு ஒப்பிட்டால் நீங்கள் அளப்பது காற்றைத்தான். ஒரே கடல், ஒரே வலை, ஒரே புறப்படும் நேரம் என்று பார்த்துச் சோடி சேருங்கள். எட்டாத ஊருக்கும் அறிவிப்பு வாட்ஸ்அப்பில் போயிருக்கும். எந்தக் குழுவில், எத்தனை மணிக்கு வந்தது என்பதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

இதொன்றும் புதுசு இல்லை. 1956-இல் புனே வட்டாரத்தில் வேளாண் வானொலி மன்றங்களை சமூகவியலாளர் பால் நியூராத் ஆராய்ந்தபோது மன்றம் உள்ள ஊர், வானொலி மட்டும் உள்ள ஊர், வானொலியே இல்லாத ஊர் என்று மூன்றாகப் பிரித்தார். கூடி உட்கார்ந்து கேட்டுப் பேசிய ஊர்களில்தான் அறிவு நன்றாக ஏறியது. பெட்டி மட்டும் இருந்த ஊரில் பெரிதாக ஒன்றும் இல்லை. நம் கரையிலும் ஏலக்கூடத்தில் சேர்ந்து கேட்கிறார்களா, ஒற்றையில் கேட்கிறார்களா என்று ஒரு கேள்வி வைத்தால் என்ன குறைந்துவிடும்?

ஒரே ஆட்களை மாதாமாதம் பார்க்கிற திட்டமென்றால் ஒரு எச்சரிக்கை. 1940-இல் அமெரிக்காவில் ஓஹையோவின் ஈரி கவுன்டியில் லாசர்ஸ்பெல்ட் குழு 600 வாக்காளர்களை மே முதல் நவம்பர் வரை மாதந்தோறும் பேட்டி கண்டது. கூடவே தலா 600 பேர் கொண்ட மூன்று குழுக்களை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் இன்னும் ஒரே ஒரு தடவை மட்டும் மறுபடி கேட்டது. கேட்டுக் கேட்டே ஆளை மாற்றிவிட்டோமா என்று பார்க்கத்தான். மூன்றாம் மாதம் நீங்கள் வருவது தெரிந்தால், நம் ஆள் முந்தின நாளே வானொலியைத் திருகி வைத்திருப்பார். அதனால் கடைசி மாதம், அதுவரை நீங்கள் பேசாத படகுகளில் இருபதையாவது புதிதாகக் கேளுங்கள். பழைய படகுகள் மட்டும் அதிகம் கேட்பதாக வந்தால் அந்த வித்தியாசம் உங்களால் வந்தது.

முடிந்தால் முதல் வாரமே அந்த இருபது படகின் பதிவு எண்ணைச் சீட்டுக் குலுக்கி எடுத்து எழுதி, உறையில் போட்டு வைத்துவிடுங்கள். கடைசியில் போய்ப் பார்த்தால் கைக்குக் கிடைத்தவரைத்தான் கேட்பீர்கள்.